அப்பாவை உன்னிடம் கூப்பிட்டுக்கொள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உயிரோடு இருக்கிறோம். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். மெசேஜ் அனுப்பினாலும் வம்புதான், சின்னவனிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று நொடிக்கொரு தரம் என் போனைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறார். அதனால் நம் டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பட்டப்பகலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன், சுற்றி வளைக்கத் தெம்பில்லை. அப்பாவைக் கொஞ்ச நாளைக்கு உன்னிடம் கூப்பிட்டுக்கொள். என்னை இல்லை, அவரை மட்டும். ஏன் என்று சொல்கிறேன், நடுவில் எழுந்து போய்விடாமல் கடைசிவரை படி.

நீதான் அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னாய். போதைக்குப் போன பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு அப்பா படும் பாட்டை எடுத்திருக்கிறார்கள், நம் வீட்டைப் பார்த்த மாதிரியே இருக்கிறது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, அவருக்கு மனசு லேசாகும் என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். சின்னவன் இரண்டாவது தடவையாக மறுவாழ்வு இல்லத்தில் இருந்த சமயம் அது. மதியக் காட்சிக்குப் போனோம். அந்த அப்பா மலைமேல் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த வீட்டில் இருக்கிறார். பிள்ளை காணாமல் போகிறான், இவர் மழையில் நனைந்துகொண்டு தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், மறுபடி போகிறான், மறுபடி தேடுகிறார். கடைசியில் ஆஸ்பத்திரி பெஞ்சில் பிள்ளை அவர் தோளில் சாய்கிறான், நான் உன் பக்கத்துலயே இருக்கேன்டா என்கிறார், பாட்டு வருகிறது, விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தப் பையன் வாந்தி எடுத்தால் அடுத்த காட்சியில் தரை பளிச்சென்று இருக்கிறது, யார் துடைத்தார்கள்? அவனுக்கு ஒரு அம்மாவும் இருக்கிறாள், எண்ணி இரண்டு தடவை வருகிறாள், இரண்டு தடவையும் தலை கலையாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுகிறாள். படுக்கை விரிப்பை ஊறவைத்து அலசுவது, பீரோ சாவியைக் குளிக்கும்போதுகூட கையோடு எடுத்துக்கொண்டு போவது, பக்கத்து வீட்டில் எது காணாமல் போனாலும் அவர்கள் நம் வாசலைப் பார்ப்பது, இதெல்லாம் அந்த மலைவீட்டில் கிடையாது. உன் அப்பாவோ குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் கால் பழக்கம் உனக்குத் தெரியும். நம் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறதே, அதை மிதித்து மிதித்து, யார் எதை ஓட்டினாலும் அவர் கால் தானாகத் தரையை அமுக்கும், பஸ்ஸில் போனாலும் அமுக்குவார். படத்தில் அந்தப் பையன் பொடி விற்கிறவன் வீட்டுப் படியேறும்போதெல்லாம் இவர் ஓங்கி அமுக்கினார். முன்சீட்டுக்காரர் திரும்பி, சார் சீட்டை உதைக்காதீங்க சார் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டயர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் அதே படத்தை இன்னொரு தடவை பார்த்திருக்கிறார், சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். சின்னவன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே இவருடைய வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. இல்லத்து டாக்டர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார், போதையை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குத் தினமும் அவன் இங்கே வரட்டும், மாத்திரையை நேரத்துக்குப் போடட்டும், நீங்கள் காவல்காரர் மாதிரி பின்னாலேயே நிற்காதீர்கள் என்று. இவர் காதில் ஏறவில்லை. டாக்டருக்கென்ன தெரியும், பெத்தவன் பக்கத்துல இருந்தா எந்தப் புள்ளையும் கெட்டுப்போகாது என்றார். படத்து வசனம் மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் சின்னவனை நம் பயிற்சி வண்டியின் பின்சீட்டில் ஏற்றிவிடுவார். வண்டி பழக வருகிறவர் ஓட்ட, இவர் பக்கத்தில், அவன் பின்னால், இருட்டும் வரை ஊரைச் சுற்றுவார்கள். வேலையும் நடக்கும், பிள்ளையும் கண்ணில் இருப்பான் என்று கணக்கு. வளர்ந்த பிள்ளை, தாடி வைத்தவன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து போவதைப் பார்க்க எனக்கு என்னவோபோல இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் உனக்குப் பிள்ளைமேல் பாசமில்லை என்பார், அதனால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லவேண்டும், முதலில் நன்றாகத்தான் போயிற்று. அதுதான் வயிற்றெரிச்சல். சின்னவன் சாப்பிட ஆரம்பித்தான், முகத்தில் சதை பிடித்தது. பின்சீட்டிலிருந்தே பாடம் நடத்தத் தொடங்கினான். உன் அப்பா எப்படிக் கற்றுக்கொடுப்பார் என்று தெரியுமே, கிளட்ச், கிளட்ச், கிளட்ச் என்று மூன்று தரம் கத்துவார், நான்காவது தரம் பழக வந்தவர்களே இறங்கி ஓடிவிடுவார்கள். இவன் மெதுவாக, பயப்படாதீங்க ஆன்ட்டி, வண்டி உங்களைவிட பயந்துபோயிருக்கு, காலை மெல்ல எடுங்க என்பானாம். பெண்கள் எல்லோரும் உங்க பையனே சொல்லிக்கொடுக்கட்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். ராத்திரிச் சாப்பாட்டில் அவன் ஜோக் சொல்லி நான் புரையேறும்வரை சிரித்தேன், கண்ணீர் துடைத்துக்கொண்டு பார்த்தால் அப்பாவும் அழுதுகொண்டிருந்தார். நம் கெட்ட காலம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். நான் அவ்வளவு சீக்கிரம் ஏமாறுகிறவள் இல்லை, ஆனாலும் நினைத்தேன்.

விபத்தைப் பற்றிப் போனில் நாங்கள் சொன்னது முழுசாக உண்மை இல்லை. அன்றைக்குப் பழக வந்தவர் ஒரு கணக்கு டீச்சர், சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறவர், வாயாடி, நல்ல மாதிரி. சின்னவன்தான் வேண்டும் என்று அவர் கேட்டாரோ, அப்பாவே ஆசைப்பட்டாரோ, அப்பா தன் சீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். நீ பக்கத்துல இருந்து பாத்துக்கோ, நான் உனக்குப் பின்னாடி இருக்கேன் என்றாராம். அவன் அதற்கு முன்னாலேயே எங்கேயோ வாங்கி வைத்திருந்ததை உள்ளே போட்டிருக்கிறான், கண்கொத்திப் பாம்பாக இருந்த இவருக்கே தெரியவில்லை. மார்க்கெட் வளைவில் எதிரில் வேன் வந்ததும் டீச்சர் பதறி பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை அமுக்கிவிட்டார். அந்த இடத்தில் பக்கத்து சீட்டுக்காரன் பிரேக்கை மிதிக்கவேண்டும், அதற்காகத்தான் அவன் இருக்கிறான். சின்னவன் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் பிரேக் ஏது? உன் அப்பா வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வண்டி சுவரில் போய் மோதியது. டீச்சருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து முகத்தில் தையல். சின்னவனுக்கு நெற்றியில் கீறல். அப்பாவுக்கு வெளியில் ஒன்றுமில்லை, ஆனால் வலது கணுக்கால் வீங்கிப்போயிருந்தது, அவ்வளவு அழுத்தி மிதித்திருக்கிறார். அந்தக் காலுக்கு நான்தான் ஒத்தடம் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொன்னால் நீ நம்பமாட்டாய், அந்தக் காலை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

போலீசில், நான்தான் பக்கத்து சீட்டில் இருந்தேன், கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்கூலை விசாரணை முடியும்வரை மூடச் சொல்லிவிட்டார்கள். நான் டீச்சரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர், உக்காருங்க, உங்க வீட்டுக்காரர் சொன்னதையே போலீசுகிட்ட நானும் சொல்லிட்டேன், போனது போகட்டும், ஆனா அந்தப் பொய் எனக்காகச் சொன்னது இல்லை, அது எனக்குத் தெரியும் என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாளின் முகத்தில் தையல் போட்டது நம் வீடு என்ற நினைப்பு ஒரு நாளும் போகாது, போகவும் கூடாது. அப்பா பொய் சொன்னது தப்பு என்று நான் அவரிடம் சொன்னேன். நீ பெத்தவதானே என்றார். ஆமாம், பெற்றவள்தான், அந்த டீச்சரையும் ஒருத்தி பெற்றிருக்கிறாள் என்றேன்.

சின்னவன் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்தே நழுவிவிட்டான். வேலை தேடிப் போயிருக்கிறான் என்று உன்னிடம் சொன்னோம், இல்லை, ஓடிவிட்டான். அன்றிலிருந்து அப்பா தேடுகிறார். வண்டியும் இல்லை, காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி நடக்கிறார். பஸ் ஸ்டாண்ட், பாலத்தடி, மார்க்கெட்டுக்குப் பின்னால் குப்பை கொட்டும் சந்து, மருந்துக்கடைகள். போட்டோவைக் காட்டிக் காட்டி அதன் முனை மழுங்கிவிட்டது. படத்தில் அந்த அப்பா தேடினார், கிடைத்தான், அதனால் நானும் தேடினால் கிடைப்பான் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மனசில் அதுதான் ஓடுகிறது, எனக்குத் தெரியும். இப்படி அலைந்ததில் போன வாரம் ஒரு துணிக்கடை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். கடைக்காரர்கள்தான் தண்ணீர் தெளித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதயம் களைத்துப்போயிருக்கிறது, இன்னொரு தரம் இப்படி விழுந்தால் உத்தரவாதம் தரமுடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாத்திரை கொடுத்தார்கள். போடமாட்டேன் என்கிறார், அவன் கிடைக்கட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுக்குறோம் என்கிறார். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பாட்டில் பொடித்துப் போட்டும் பார்த்தேன், கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு நாள் படுத்தார். மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது சொல்லப்போவதை நீ அப்பாவிடம் ஒருநாளும் சொல்லக்கூடாது. சின்னவன் எங்கே என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றால் இருக்கும் இடம் தெரியாது, ஆனால் வீட்டுக்கு வருகிறான். அப்பா அவனைத் தேடிக் கிளம்பியதும் பின்கதவைத் தட்டுகிறான். முதல் தடவை திறந்தபோது அவனென்றே தெரியவில்லை, உதடு வெடித்து, கண் உள்ளே போய், யாருடைய சட்டையோ போட்டுக்கொண்டு நின்றான். உள்ளே விட்டேன். முட்டை பொரித்துக் கொடுத்தேன், வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவன் போனதும் நான் முதலில் செய்தது பீரோவைத் திறந்து பார்த்ததுதான், அப்புறம்தான் அழுதேன். என்ன அம்மா நான் என்று இருக்கிறது. பிறகும் வந்தான். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் அவர் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பிடித்துவிடுவார், மறுபடி பக்கத்திலேயே வைத்துக்கொள்வார், அவன் மறுபடி ஓடுவான், இவர் அடுத்த தடவை எழுந்திருக்கமாட்டார். ஒவ்வொரு நாளும் அவர் களைத்துப்போய் வந்து, இன்னைக்கும் கிடைக்கலடி என்று சொல்லும்போது, மதியம் அவன் சாப்பிட்ட தட்டு கழுவித் துடைத்து அலமாரியில் இருக்கும். அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்பேன். இந்த வயசில் எனக்கு இப்படி நடிக்க வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்பாவை உன்னிடம் அனுப்பச் சொன்னதே சின்னவன்தான். போன தடவை வந்தபோது தட்டைத் தொடவே இல்லை. அப்பாவை அக்காகிட்ட அனுப்பிடும்மா என்றான். நேத்து அவர் என்னைத் தேடுறதைப் பாத்தேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன், செருப்பு அறுந்துபோச்சு போல, அதைக் கையில புடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி எல்லார்கிட்டயும் போட்டோவைக் காட்டுறார், ஒருத்தன் அவரைப் பிச்சைக்காரர்னு நெனச்சு விரட்டினான், நான் போகலம்மா, போகணும்னு நெனச்சேன், கால் வரல, கையில அப்ப சரக்கு இருந்துச்சு என்றான். அப்படியே சொன்னான், ஒளிக்கவில்லை. எனக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யவில்லை. சரி, அப்பாவை அனுப்பிவிடுகிறேன், அவர் போன பிறகு என்னோடு இல்லத்துக்கு வருவாயா என்று கேட்டேன். தெரியலம்மா என்றான். சத்தியம் பண்ணுகிறேன், சாமி மேல் ஆணை, உன் மேல் ஆணை என்று அவன் வாயிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்தத் தெரியலம்மா ஒன்றுதான் நிஜமான பேச்சு என்று எனக்குப் பட்டது. வருவானா, மாட்டானா, எனக்கும் தெரியாது. இரண்டு பேரையும் என் இரண்டு கையால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். யாரை விடுவது என்று யோசிக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். அப்பா இனிமேலாவது மருந்து போட்டால் பிழைப்பார் என்கிறார்கள், அதனால் முதலில் அவரைக் கரையேற்று.

ஓய்வெடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் வரமாட்டார். உனக்கு அவர் தேவை என்று சொல்லவேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதே, குழந்தையை வைத்துப் பொய் வேண்டாம். மாப்பிள்ளை வேலையாக வெளியே போகிறார், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, நீங்கள் வந்து கூட இருங்கள் அப்பா என்று சொல், கொஞ்சம் அழு, உனக்கு அழ வராவிட்டால் என்னை நினைத்துக்கொள். வக்கீலிடம் கேட்டுவிட்டேன், கூப்பிட்டால் வந்து நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்கிறார். டிக்கெட்டை நீயே எடுத்து அனுப்பு, தேதி போட்ட காகிதத்தைப் பார்த்தால்தான் அவர் அசைவார். அங்கே வந்ததும் மாத்திரையை நீயே கையில் கொடுத்து விழுங்கும்வரை நில், நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொள்வார். காலையில் குழந்தையோடு நடக்க விடு, தனியாக விடாதே, அந்த ஊர்த் தெருவிலும் போட்டோவை எடுத்து நீட்டுவார். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அந்த மனுஷன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீ நன்றாக இரு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் வை, நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் ஒரே வீட்டில் ஒரே சிரிப்பாக இருக்கவேண்டும், இதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. பதில் எழுதாதே, போன் செய்து அப்பாவிடம் பேசு. எடுத்ததும் அவர் சின்னவன் உன்னிடம் பேசினானா என்றுதான் கேட்பார், இல்லை என்று சொல். அடுத்ததாக, நான் அங்க வந்துட்டா அவன் திரும்பி வரும்போது கதவைத் திறக்க வீட்டுல யாரு இருப்பா என்று கேட்பார். அம்மா இருக்கா, அவ திறப்பா என்று சொல்லிவிடு. தள்ளிப்போடாதே, பெரியவளே. நேற்று மழை, அப்பா வெளியே போகாமல் உள்ளே படுத்திருந்தார். அது தெரியாமல் அவன் வந்து பின்கதவைத் தட்டினான். நான் அடுப்படியில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன், திறக்கவில்லை. அவன் நனைந்துகொண்டு கொஞ்ச நேரம் தட்டினான், அம்மா என்று ஒரு தரம் மெதுவாகக் கூப்பிட்டான், அப்புறம் போய்விட்டான். உள்ளேயிருந்து அப்பா, யாரது, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே என்று கேட்டார். யாருமில்லை என்றேன். இன்னொரு தடவை என் வாயால் அதைச் சொல்ல முடியாது, சீக்கிரம் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா